இறாலுக்கு வைரஸ் வந்தால்

வணக்கம் நேயர்களே. இறால் வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, “வெள்ளைப்புள்ளி வந்துவிட்டது, என்ன மருந்து போடலாம்?” என்பதுதான். அது இறாலைக் கொல்லும் வைரஸ் நோய்; அதற்கு மருந்து இல்லை. கேட்பவருக்குக் கோபம் வரும், ஆனாலும் உண்மை அதுதான்.

நமக்கு ஒருமுறை தட்டம்மை வந்துபோனால் உடல் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், எதிர்ப்பொருள் உருவாக்கும். இறாலின் உடலில் அந்த ஏற்பாடே கிடையாது. அதனால் கோழிக்குப் போடுவதுபோல் தடுப்பூசி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஆன்டிபயாடிக் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அது பாக்டீரியாவுக்கானது; வைரஸை ஒன்றும் செய்யாது. மருந்தின் மிச்சம் இறாலின் தசையில் தங்கி, ஏற்றுமதியில் சரக்கு திரும்பி வந்ததுதான் கண்ட பலன்.

வெள்ளைப்புள்ளி நோய் 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தலைகாட்டியது. 1999இல் ஈக்வடார் வரை போய்விட்டது. முதலில் தெரிவது தீவனத் தட்டில்தான்: நேற்று காலியான தட்டில் இன்று தீவனம் அப்படியே கிடக்கும். அப்புறம் சில இறால்கள் மந்தமாகக் கரையோரம் வந்து ஒதுங்கும். ஒன்றைப் பிடித்துத் தலை ஓட்டைக் கழற்றிப் பாருங்கள், எளிதாக வந்துவிடும். உட்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். வனாமி என்ற வகை இறாலில் புள்ளியே இல்லாமல் உடல் சிவந்து சாவதும் உண்டு. பாக்டீரியாவாலும் புள்ளி வரும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல், வைரஸின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் பரிசோதனை செய்யுங்கள்.

சோர்ந்துபோன இறாலை மற்றவை தின்றுவிடும். நோய் பரவ அது போதும். 3 முதல் 10 நாளில் குளமே காலியாகலாம். நண்டு இந்த வைரஸைச் சுமந்துகொண்டு தெம்பாகவே நடமாடும், ஆகவே நண்டு வேலிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

கொல்லாத வைரஸும் உண்டு. ஐஎச்எச்என்வி என்ற வைரஸ் வந்த வனாமி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் வளராது. தலைக்கொம்பு வளைந்து, ஒரே குளத்தில் சிறிதும் பெரிதுமாக நிற்கும். தீவனச் செலவு மட்டும் குறையாது. கொல்லும் வைரஸ் வெள்ளைப்புள்ளி மட்டுமல்ல. 1992இல் ஈக்வடாரில் டவுரா (Taura) ஆற்றுப் பக்கம் இறால் செத்தபோது, வாழைத் தோட்டத்துப் பூஞ்சைக்கொல்லிமேல்தான் முதலில் பழி விழுந்தது. கடைசியில் அது வேறொரு வைரஸ் என்று தெரிந்தது.

“நோயற்ற குஞ்சு” என்று வாங்கிவிட்டு அசட்டையாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நோய் இல்லாத குஞ்சு வேறு, நோயைத் தாங்கும் குஞ்சு வேறு. குளத்துத் தண்ணீரில் வைரஸ் இருந்தால் நோயற்ற குஞ்சும் சாகும்.

சரி, வெள்ளைப்புள்ளி வந்தேவிட்டது, என்ன செய்வது? விற்கும் அளவில் இருந்தால் உடனே வலைபோட்டு அறுவடை செய்யுங்கள். இந்த வைரஸ் மனிதரைத் தொற்றாது. தண்ணீரை மட்டும் வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள். எனக்குப் பொறுக்காத தவறு அதுதான். குளத்திலேயே குளோரின் போட்டு, சில நாள் தேக்கிவைத்துப் பிறகு வெளியேற்றுங்கள். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு அன்றைக்கே போன் செய்துவிடுங்கள். அவர் தண்ணீர் எடுப்பதையாவது நிறுத்திவைக்கலாம். நன்றி, வணக்கம்.