தாயும் பிள்ளையும், வாயும் வயிறும்

விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் அம்மா அவர்களே, கடைசி வரிசைவரை நிறைந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். சால்வை போர்த்திய செயலாளர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

நம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் சின்ன உறுப்பான மைட்டோகாண்ட்ரியா பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அது எங்கிருந்து வந்தது, எப்படி அபாய மணி அடிக்கிறது, நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் அதை என்ன செய்யக்கூடும்.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பார்கள். 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இன்னொரு செல்லுக்குள் குடிவந்த பாக்டீரியாதான் இன்று மைட்டோகாண்ட்ரியாவாக நமக்கு ஆற்றல் தயாரித்துக் கொடுக்கிறது. தாய்வழியாக நமக்கு வருகிறது. ஆனாலும் பாக்டீரியாவைப் போலவே வட்டமான டி.என்.ஏ. ஒன்றை, 37 மரபணுக்களோடு, தனியாக வைத்திருக்கிறது.

என் தம்பி மாடிப்படியில் உருண்டு தொடை எலும்பை முறித்துக்கொண்டான். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் காய்ச்சல் 102. நெற்றியில் கை வைக்க முடியவில்லை, உதடு வெடித்துக் கிடக்கிறது. "கிருமி ஏறிடுச்சு, பெரிய மருந்தாப் போடச் சொல்லு" என்று மாமா ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம். நானும் போய் மருத்துவரிடம் மன்றாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் இரண்டு கல்ச்சர் பாட்டிலில் அனுப்பினார். காலையும் மாலையும் வந்து பார்த்தார். ஐந்து நாள் வைத்தும் பாட்டிலில் ஒன்றும் வளரவில்லை. அதற்குள் தம்பி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான்.

கிருமி இல்லாமல் காய்ச்சலா? ஆமாம், வரும். 2010-ல் போஸ்டனில் கார்ல் ஹவுசர் குழுவினர், பலத்த காயம்பட்டவர்களின் ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. மிதப்பதைக் காட்டினார்கள். நசுங்கிய திசுவிலிருந்து சிந்தியது அது. வெள்ளையணுவில் உள்ள டி.எல்.ஆர்.9 என்ற உணர்வான் அதைப் பாக்டீரியா என்றே எடுத்துக்கொள்கிறது. உடனே வீக்கம், காய்ச்சல். வாயும் வயிறும் வேறு என்று உடம்புக்கே தெரிந்திருக்கிறது! செல்லுக்குள் சிந்தினால் ஸ்டிங் என்ற புரதத்தின் வழியாக மணி அடிக்கும். அதை இன்னொரு மேடையில் பேசுவோம்.

என் கவலை வேறு. காய்ச்சல் என்றதும் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குகிறோம். மைட்டோகாண்ட்ரியாவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பாக்டீரியாவுடையதைப் போன்றது; டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் அங்கேயும் புரதத் தயாரிப்பைத் தடுக்கக்கூடும். தாயும் பிள்ளையும் என்று மருந்து பார்க்காது. மருத்துவர் எழுதினால் ஒரு வேளை விடாமல் சாப்பிடுங்கள். எழுதாததை நீங்களாக வாங்காதீர்கள்.

வாசல் மேசையில் உறுதிமொழித் தாள் வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்தைத் தலைவர் அவர்கள் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.