முதுகு காட்டியவர்கள்

(வாஷிங்டன் வட்டாரத் தமிழர்களின் பொங்கல் விழாவில், "ஒருவரைத் தூக்கி நிறுத்துவது தன்னம்பிக்கையா, சுற்றமா?" என்ற பட்டிமன்றத்தில் சுற்றம் அணிக்காகப் பேசியது)

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம்.

இன்று அமெரிக்கக் கால்பந்தில் பிளேஆஃப் ஆட்டம் நடக்கிற நாள். மூன்றாவது வரிசையில் நாலு பேர் மடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். என் பேச்சைக் கேட்டு என்றால் நிமிர்ந்து சிரித்திருப்பார்கள். மடியில் போன் இருக்கிறது. பரவாயில்லை, பாருங்கள். நீங்கள் பார்ப்பதைத்தான் நானும் பேசப்போகிறேன்.

இந்த ஊர்க் கால்பந்தில் ஒவ்வொரு தடவை பந்தை எடுத்து ஆடுவதற்கும் முன்னால் பதினொரு பேரும் வட்டமாகக் கூடித் தலையைக் குனிந்து நிற்பார்கள், இல்லையா? என் மாமியார் முதல் தடவை வந்திருந்தபோது டிவியில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ளே, என்னத்தையோ தொலைச்சுட்டாங்களா? எல்லாரும் குனிஞ்சு தேடுறாங்களே?" அடுத்த தடவையும் கூடினார்கள். "இன்னுமா கிடைக்கல?" என்றார். நாலாவது தடவை அவரே எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

அதற்குப் பெயர் ஹடில். உங்களுக்கு நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை காலையில் "குயிக் ஹடில்" என்று அழைப்பு வருகிறதே, குயிக்காகவும் முடியாது, யாரும் எதையும் கண்டுபிடிக்கவும் மாட்டோம், அதேதான். அந்த ஹடில் எங்கே பிறந்தது என்கிறீர்கள்? இந்த மண்டபத்திலிருந்து காரில் அரை மணி நேரம். ஃபுளோரிடா அவென்யூவில் காலடெட் பல்கலைக்கழகம். காது கேளாதவர்களுக்கென்று நடக்கிற பல்கலைக்கழகம். 1864இல் லிங்கன் கையெழுத்துப் போட்டு, பட்டம் கொடுக்கலாம் என்று அனுமதித்த இடம்.

அங்கே 1890களில் பால் ஹப்பர்ட் என்று ஒரு மாணவர். காது கேட்காது. அணியின் குவாட்டர்பேக், அதாவது அடுத்து என்ன செய்வது என்று மற்றவர்களுக்குச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவர். பட்டப்பெயர் விலாங்கு. பிடித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடுவாராம். நம் ஊரில் விலாங்கு என்றால் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற ஆள் என்போம். எதிரணித் தலைவரைப் பார்த்து நான் இதைச் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. அவராகத் திரும்பினால் நான் என்ன செய்ய?

சரி, அந்தக் காலத்தில் என்ன வழக்கம்? கேட்கும் காது உள்ள அணிகள் வரிசையில் நின்றபடியே அடுத்து என்ன செய்வது என்பதைச் சங்கேதமாகச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொள்வார்கள். காலடெட் பையன்கள் கையால் சொன்னார்கள். எதிரே நிற்கிறவனுக்கு அது ஏதோ கொசு விரட்டுகிற மாதிரி தெரியும். ராஜரகசியத்தை நடு மைதானத்தில் நின்று பேசலாம்!

ஆனால் ஒரு நாள் எதிரே வந்து நின்ற அணியும் காது கேளாதோர் அணி.

புரிகிறதா? அங்கேதான் சிக்கல். இதை விளக்க நான் அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. வந்தாகிவிட்டது. நம் மளிகைக் கடைக்குப் போனால் போதும். போன வருஷம் பில் போட நிற்கிறேன். எனக்கு முன்னால் தொப்பி போட்ட ஒருவர், வண்டி நிறைய சாமான், நகரவே இல்லை. என் மனைவியிடம் தமிழில், நிம்மதியாக, சத்தமாகச் சொன்னேன்: "இந்த ஆளு கடையையே வாங்கிட்டுப் போவான் போலிருக்கே." தொப்பி திரும்பியது. "பாதிதான் சார் எடுத்திருக்கேன். மீதி உங்களுக்குத்தான்."

அந்த நொடியில் நான் எங்கே போவது? முருங்கைக்காய்க் கட்டுக்குப் பின்னாலா? அதுவரைக்கும் தமிழ் என் கோட்டை. ஒரே வாக்கியத்தில் கோட்டைக்குக் கதவே இல்லை என்று ஆகிவிட்டது. அந்தத் தொப்பிக்காரர் இன்று இதே மண்டபத்தில் இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறார். கை தூக்காதீர்கள் சார், நானே சொல்லிவிட்டேன். இதை நான் நாலு மேடையில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் வண்டியில் சாமான் கொஞ்சம் கூடிக்கொண்டுதான் போகிறது.

ஹப்பர்டுக்கு 1894இல் நடந்தது அதுதான். கையால் அவர் சொல்வதை எதிராளி வரி வரியாகப் படிக்கிறான். என்ன செய்தார்? தன் ஆட்களைக் கூப்பிட்டார். வட்டமாக நில்லுங்கள், நெருங்கி நில்லுங்கள் என்றார். நடுவில் தன் கையை வைத்துச் சொன்னார். வெளியே நின்றவனுக்கு முதுகுகள் மட்டும் தெரிந்தன. பிற்பாடு காது கேட்கும் அணிகளும் அதையே பிடித்துக்கொண்டன. முதலில் செய்தது நாங்கள்தான் என்று வேறு சில கல்லூரிப் பயிற்சியாளர்கள் பெயரையும் சொல்கிறார்கள். அந்த வழக்கை நான் எடுக்கவில்லை. என்னிடம் இருப்பது ஐந்து நிமிஷம்.

எங்கள் அணியில் முதலில் பேசிய நண்பர் இந்தக் கதையை இரண்டே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதைப் பிடித்துக்கொண்டார் எதிரணித் தங்கை. என்ன சொன்னார்? "நடுவில் நின்றவன் ஒருவன்தான் மூளை. மற்றவர்கள் வெறும் மறைப்புத் தட்டி. தமிழ் மரபில் மார்பில் புண் வாங்கியவனுக்குத்தான் மரியாதை. எதிராளிக்குப் புறமுதுகு காட்டி நின்றவர்களைப் போய்ச் சுற்றம் என்று கொண்டாடுகிறாரே அண்ணன்!" கைதட்டல் வேறு. நானும் தட்டினேன். நல்ல அடி.

நான் ஏழு குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். இதோ, மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இந்த முதுகைத் தீர்த்துவிட்டுத்தான் மறு வேலை.

தங்கையே, இன்று காலை பத்து மணிக்கு நாம் எங்கே இருந்தோம்? வாசலில், பார்க்கிங்கில், பொங்கல் பானை வைத்தோம். ஜனவரி மாதக் காற்று. கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால் அணைகிறது. மறுபடி பற்றவைத்தால் மறுபடி அணைகிறது. தீப்பெட்டி பாதி காலி. என்ன செய்தோம்? ஆறேழு பேர் அடுப்பைச் சுற்றி நெருங்கி நின்றோம். காற்று எந்தப் பக்கம்? முதுகுப் பக்கம். பால் பொங்குகிற வரைக்கும் அசையவில்லை. அந்த வட்டத்தில் பச்சைப் பட்டுப்புடவைக்கு மேல் கறுப்புக் கோட்டு போட்டு, முதல் ஆளாக முதுகைக் காட்டி நின்றது யார்? நடுவர் அவர்களே, கோட்டு இப்போதுகூட அவர் நாற்காலியில்தான் தொங்குகிறது!

புறமுதுகு வேறு, இந்த முதுகு வேறு. பஸ்ஸில் ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுத்தால், பக்கத்து சீட்டு ஆச்சி ஒன்றும் சொல்லாமல் கூட்டத்துக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொள்வாளே, அவள் எந்தப் போரில் தோற்றாள்? கார்த்திகைக்கு வாசலில் அகல் ஏற்றுகிறவர் காற்றுக்கு மார்பையா காட்டுவார்? காட்டிப் பார்க்கட்டும். மார்பு இருக்கும், விளக்கு இருக்காது. "தட்டி" என்றீர்கள். தட்டிக்குக் குளிராது. அந்தப் பத்துப் பேருக்கும் குளிர்ந்திருக்கும்.

நடுவர் மணியைத் தொடுகிறார். தொடுங்கள் ஐயா, அடிக்காதீர்கள்.

தலைப்புக்கும் ஒரு வாய் போடுகிறேன். ஹப்பர்டுக்குத் தன்னம்பிக்கை இல்லையா? வண்டி வண்டியாக இருந்தது. ஆனால் அதைக் கொண்டுபோய் இறக்க ஓர் இடம் வேண்டுமே. 1880இல் இத்தாலியில், மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு கூடியது. கைச்சைகை வேண்டாம், வாயால் பேசவைத்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சைகை வெளியேறியது. அந்த மாநாட்டில் மறுத்து நின்ற சிலரில் ஒருவர் எட்வர்ட் மைனர் காலடெட், இந்தக் கல்லூரியின் தலைவர். அவர் ஏன் மறுத்தார்? அவருடைய அம்மா சோஃபியா காது கேளாதவர். அம்மாவின் பேச்சைக் கையில் கேட்டு வளர்ந்த பிள்ளை. அந்தக் கல்லூரி கைகளைக் கட்டிப்போடாமல் விட்டதால்தான் மைதானத்தில் ஒளித்துவைக்க ஹப்பர்டிடம் ஒரு மொழி இருந்தது. சைகையே இல்லாதவன் எதைச் சுற்றி ஆள் நிறுத்துவான்?

படித்து முடித்த ஹப்பர்ட் கான்சாஸில் ஓலேத்தா என்ற ஊரில் இருக்கிற காது கேளாதோர் பள்ளிக்கு வாத்தியாராகப் போனார். 1899இல் அங்கே கால்பந்து அணியைத் தொடங்கினார். 1946இல் இறந்துபோனார். பெரிய பதவி, பெரிய பணம் என்று ஒன்றுமில்லை. தன்னைப் போன்ற பிள்ளைகளை நடுவில் விட்டு, தான் வட்டத்துக்கு வந்துவிட்டார்.

ஐயா, மணி கேட்டது. இன்னும் இரண்டு நிமிஷம்.

எனக்கு ஓர் அக்கா. தென்காசிப் பக்கம். மூன்று வயதில் காய்ச்சல் வந்து காது போனது. தெருவில் அவளுக்குப் பெயர் ஊமைச்சி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. பாளையங்கோட்டையில் பள்ளி இருக்கிறது, விடுதியும் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார்கள். பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் விடுவதா என்று அப்பா விட்டுவிட்டார். ஐந்தாம் வகுப்போடு வீட்டில் இருந்தாள். சைகையெல்லாம் நாங்களாகப் போட்டுக்கொண்டதுதான். மீசையை முறுக்கினால் அப்பா. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. ஆள்காட்டி விரலைக் காற்றில் ஒரு சுற்று சுற்றினால் "அப்புறம்".

கல்யாண வீட்டில் ராத்திரி பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருப்போம். சித்தப்பா ஏதாவது சொல்வார். வீடே சிரிக்கும். எங்கள் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டு, ஒரு நொடி தள்ளி, அக்காவும் சிரிப்பாள். அப்புறம் என் முழங்கையைப் பிடித்து இழுப்பாள். என்ன? நான் சிரிப்பை விடாமலே விரலைச் சுற்றுவேன். அப்புறம் சொல்றேன்.

நான் சொன்னதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. அடுத்த சிரிப்பு வந்துவிடும். மறந்துபோகும். அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். எந்த வயதில் நிறுத்தினாள் என்றுகூட எனக்குத் தெரியாது. வட்டமாகத்தான் உட்கார்ந்திருந்தோம் நடுவர் அவர்களே, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

தெரிகிறது ஐயா. நான் சுற்றம் அணியில் நின்றுகொண்டு எதிரணிக்குப் பேசுகிறேன். தங்கை குறித்துக்கொள்கிறார். குறித்துக்கொள்ளட்டும்.

போன கோடையில் அக்கா வந்திருந்தாள். வெள்ளை மாளிகை, நினைவுச் சின்னம் எல்லாம் காட்டினேன். சும்மா தலையாட்டினாள். கடைசி நாள் காலடெட்டுக்குக் கூட்டிப்போனேன். புல்வெளிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன், இந்தப் பக்கம் ஒரு பையன், நடுவில் முப்பது நாற்பது அடி. இரண்டு பேரும் கையால் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சத்தமே இல்லாத சண்டை. அக்கா நின்றுவிட்டாள். கார் அந்தப் பக்கம் என்று காட்டினேன், அசையவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போது முதுகுப் பையோடு வந்த ஒரு பெண் இவளைப் பார்த்து ஏதோ கையால் கேட்டாள். இவளுக்கு இந்த ஊர்ச் சைகை ஒன்றும் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு எங்கள் மீசையும் மூக்குத்தியும் தெரியாது. ஆனாலும் பத்து நிமிஷம் பேசினார்கள். அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்து, விரலை மடக்கி, ஏதோ திருத்தினாள். அக்கா திருப்பிச் செய்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் கார் சாவியை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

காரில் ஏறியதும் கேட்டேன். என்ன பேசினீங்க? எதுக்கு அவ்வளவு சிரிப்பு?

அக்கா சீட்டு பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே ஆள்காட்டி விரலைக் காற்றில் ஒரு சுற்று சுற்றினாள்.

இன்னும் சொல்லவில்லை, நடுவர் அவர்களே.