ஓடைத் தண்ணீரில் கரன்ட்: லாங் லாவேன் கிராமம் செய்த வேலை

[திரையில்: சரவாக் வரைபடம், பக்குன் அணை]

வணக்கம். மலேசியாவின் சரவாக்கில் இருக்கும் பக்குன் அணையின் திறன் 2400 மெகாவாட். அதற்காகக் கிட்டத்தட்ட சிங்கப்பூர் அளவு நிலம் தண்ணீருக்குள் போனது, சுமார் 10,000 பழங்குடி மக்களை சுங்கை ஆசாப் என்ற மறுகுடியேற்றப் பகுதிக்கு மாற்றினார்கள். கென்யாஹ் இனத்தைச் சேர்ந்த சில குடும்பங்கள் மட்டும் போக மறுத்து, லாங் லாவேனில் தங்கள் முன்னோர் நிலத்திலேயே குடியேறினார்கள்.

அப்போது அங்கே மின்கம்பி இல்லை. ஜெனரேட்டர் ஓட்டலாம், ஆனால் காட்டுக்குள் டீசல் கொண்டு சேர்க்கும் செலவு யாருக்குக் கட்டுப்படியாகும்? 2002 வாக்கில் பக்கத்து மாநிலமான சபாவில் கிராமங்களுக்கு மின்வசதி செய்துதரும் டோனிபுங் அமைப்பும் சில அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களும் துணை நிற்க, ஊர் மக்கள் உழைப்பைப் போட்டுப் பக்கத்து ஓடையில் 10 கிலோவாட் அளவுக்கு ஒரு நீர்மின் நிலையம் அமைத்தார்கள். பக்குனுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லைதான், ஆனாலும் அதற்காக ஒரு வீடுகூட முழுகவில்லை. எனக்கு இது பெரிய விஷயம்.

[திரையில்: ஓடை, குழாய், டர்பைன் வரைபடம்]

சரி, எப்படி வேலை செய்கிறது? நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் இறக்கம், இரண்டையும் பெருக்கி 5-ஆல் பெருக்குங்கள், தோராயமாக வாட் கிடைத்துவிடும். 20 லிட்டர், 50 மீட்டர் என்றால் 5,000 வாட். மேலே சின்னத் தடுப்பு கட்டி, மணல் படிய ஒரு தொட்டி வைத்து, அங்கிருந்து குழாய் வழியாகத் தண்ணீரை இறக்கி டர்பைன் சக்கரத்தில் அடிக்கவிட்டால் போதும், சுற்றிவிட்டு அதே ஓடைக்கே திரும்பிப் போய்விடும்.

ராத்திரி எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டால்தான் சிக்கல். சுமை குறைந்ததும் சக்கரம் தறிகெட்டுச் சுற்றி, வோல்டேஜ் ஏறி, எரிகிற மிச்ச பல்பும் போய்விடும். அதனால் ஒரு கன்ட்ரோலர், மிஞ்சிய கரன்டையெல்லாம் தண்ணீருக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிடும்.

குடிநீருக்கும் பம்ப் வேண்டாம். மேட்டில் இருக்கும் ஊற்றிலிருந்து தனிக் குழாய் போட்டால் தானாக இறங்கி வரும். நடுவில் ஒரு மணல் வடிகட்டித் தொட்டி வைக்கலாம். அதில் மணலுக்கு மேலே வழவழப்பாக ஒரு படலம் படியும், அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள், கிருமிகளைப் பிடிப்பதில் பெரும்பங்கு அதில் வாழும் நுண்ணுயிர்களுடையது. அது உருவாகவே சில வாரம் ஆகும், தொட்டி காய்ந்தால் செத்துவிடும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, காடு. ஓடைக்கு மேலே மரத்தை வெட்டினால் மழையில் செம்மண் கலங்கி வந்து டர்பைனைத் தேய்க்கும், வடிகட்டியை அடைக்கும், கோடையில் தண்ணீர் நூலாக இளைக்கும். எந்த மெக்கானிக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே திட்டம் போடும்போதே மேற்காட்டை வெட்டவிடுவதில்லை என்று ஊர் கூடி முடிவெடுக்க வேண்டும், அந்த நிலத்தின் மீதான அவர்கள் உரிமையை அரசும் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் மரக் கம்பெனிக்கு லைசென்ஸ் கிடைத்த அன்றைக்கே திட்டம் ஆட்டம் கண்டுவிடும்.

அப்புறம், உங்கள் ஊரில் இதைச் செய்ய நினைத்தால் மழைக்காலத்தில் ஓடையைப் பார்த்து மயங்கி டர்பைன் வாங்கிவிடாதீர்கள். வறண்ட மாதத்தில் வாளியும் ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கொண்டு போங்கள், அன்றைக்கு வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறதோ அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.