கடினநீரும் மென்னீரும்: ஜப்பானின் அரிசி மது

நண்பர்களே, ஜப்பானியரின் சாக்கே அரிசியில் செய்யும் மதுதான் என்றாலும், புட்டியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

கோபேக்கும் நிஷினோமியாவுக்கும் இடையே கடலோரமாக நீளும் பகுதிக்கு நடா என்று பெயர். யமமுரா தசாஎமோன் என்பவருக்கு அங்கே இரண்டு ஆலைகள்: ஒன்று நிஷினோமியாவில், மற்றது உஓசாகியில். முதலாளி ஒருவர்தான், பக்குவமும் ஒன்றுதான். ஆனாலும் நிஷினோமியா சரக்குதான் எப்போதும் ஒரு படி மேலே நின்றது. மனிதர் விடவில்லை. அரிசியை மாற்றிப் பார்த்தார், ஆட்களை இடம் மாற்றிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், 1840-ல் என்பார்கள், நிஷினோமியாக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய் உஓசாகியில் ஊறல் போட்டார். அங்கேயும் அதே ருசி வந்துவிட்டது! அப்புறம் நடாவின் ஆலைகளெல்லாம் அந்தத் தண்ணீருக்கு அலைந்தன. தண்ணீர் விற்பதே ஒரு தொழிலானது. மியமிசு என்ற அந்த ஊற்றுநீர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அதில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதிகம். ஜப்பானில் கிடைக்கும் பெரும்பாலான தண்ணீரைவிட அது கடினமானது. அரிசி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் கோஜிப் பூஞ்சைக்கும், சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்டுக்கும் அந்த உப்புகள் நல்ல தீனி. ஊறல் வேகமாகப் பொங்கும், இனிப்புக் குறைந்த, முறுக்கான மது வரும். இதைவிட முக்கியம், அதில் இரும்பு கிட்டத்தட்ட இல்லை. கோஜி உண்டாக்கும் ஒரு பொருள் இரும்போடு சேர்ந்தால் சாக்கே பழுப்பேறி ருசியும் கெடும். குடிக்கத் தித்திப்பாக இருக்கும் கிணற்றைக்கூட, இரும்புக்காக ஆலைக்காரர் ஒதுக்கிவிடுவார்.

சரி, அப்படியானால் கடினநீர்தான் நல்ல சாக்கேயின் ரகசியமா? அரை நூற்றாண்டுக்கு மேல் பலர் அப்படித்தான் நம்பினார்கள். ஹிரோஷிமாவின் மென்னீரில் நடா முறைப்படி ஊறல் போட்டவர்களுக்கு நஷ்டம்தான் மிச்சம். ஈஸ்ட் சோம்பும், அந்த நேரத்தில் வேறு கிருமிகள் புகுந்து எல்லாம் புளித்துப்போகும். அவர்களில் ஒருவர் மியுரா சென்சபுரோ. அவரும் ஊறலைத் திரும்பத் திரும்பக் கெடுத்தவர்தான். தண்ணீரைக் குறை சொல்லி ஊரை மாற்றாமல், அவர் முறையை மாற்றினார். கோஜி அரிசியின் மேலே படர்ந்தால் போதாது, உள்ளே இறங்க வேண்டும். ஊறல் குளிர்ச்சியில் மெதுவாகப் பொங்க வேண்டும். 1898-ல் இதைப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். 1907-ல் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஹிரோஷிமா சாக்கே நடாவை முந்தியது. இன்று கின்ஜோ என்று விலை போகும், பழ மணம் வீசும் சாக்கேக்கு வேர் இந்த மெதுவான, குளிர்ந்த ஊறல்தான். என்னைக் கேட்டால், யமமுராவின் கண்டுபிடிப்பைவிட இது பெரியது. அவர் நல்ல தண்ணீரைத் தேடிப்போனார், இவர் இருந்த தண்ணீரை வைத்து வேலை செய்தார்.

அரிசிக்கு வருவோம். இட்லிக்கு ஒன்று, பிரியாணிக்கு ஒன்று என்று நாம் வைத்திருப்பதுபோல, சாக்கேக்கென்றே நெல் ரகங்கள் உண்டு. அவற்றில் பேர்போனது 1936-ல் ஹியோகோ மாநிலத்தில் பெயர் சூட்டப்பட்ட யமதா நிஷிகி. மணியை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் சுண்ணாம்புபோல ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். மாவுச்சத்து நெருக்கமில்லாமல் கிடக்கும் இடம் அது. கோஜி வேர் இறங்குவது அங்கேதான். மேலே உள்ள புரதமும் கொழுப்பும் ருசியைக் கெடுக்கும் என்பதால் மணியைத் தீட்டித் தள்ளுவார்கள். உயர்ந்த ரகத்துக்குப் பாதி மணிகூட மிஞ்சாது. இந்த நெல்லுக்கு வேண்டியது களிமண்ணும், பகல் சூட்டுக்குப் பிறகு குளிர்ந்த இரவும். ரொக்கோ மலைக்கு வடக்கே மிகி, காதோ பகுதிகளில் அவை இரண்டும் உண்டு. மலைக்குத் தெற்கே, குளிர்காலத்தில் அதே மலையிலிருந்து இறங்கும் காற்றுதான் நடாவின் ஆலைகளைக் குளிர்விக்கிறது.

ஜப்பான் கடல் பக்கமுள்ள நீகாதாவில் கதை வேறு. சைபீரியக் காற்று கடலின் ஈரத்தை அள்ளிவந்து மலையில் மோதிப் பனியாகக் கொட்டும். வசந்தத்தில் உருகும் அந்த மென்னீர்தான் வயலுக்கும் ஆலைக்கும். பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லாததால் அங்கத்திய விவசாயிகள் ஊர்விட்டு ஊர் போய்ச் சாக்கே காய்ச்சினார்கள்.

வடகிழக்கில் குளிரே எதிரி. கோடையில் யமாசே என்ற குளிர்காற்று வீசினால், தொண்டைக்கதிரில் மகரந்தம் செத்து எல்லாம் பதராகிவிடும். அப்போது விவசாயி வயலில் தண்ணீரை ஆழமாகத் தேக்குவார். காற்றைவிட நீர் வெதுவெதுப்பு. உள்ளே இருக்கும் இளங்கதிருக்கு அதுவே போர்வை. 1993-ல் அதுவும் போதவில்லை. நாட்டின் விளைச்சல் வழக்கத்தில் முக்கால் பங்குக்கும் கீழே இறங்கி, தாய்லாந்து அரிசியை வாங்க வேண்டி வந்தது.

இப்போது தொல்லை மறுபக்கம். 2023 கோடையில் நீகாதாவில் விளையும் கொஷிஹிகாரி என்ற சாப்பாட்டு அரிசியின் மணிகள் சூட்டில் பால் வெளுப்பாகி, முதல்தரமாகத் தேறியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சாக்கேக்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கதிர் முற்றும் நாட்களில் வெயில் அதிகமானால் மாவுச்சத்தின் கட்டமைப்பே மாறி, அரிசி ஊறலில் கரைய மறுக்கும். வெப்பத்தால் ஊறலே கெடும் சிக்கலைத் தெற்கே ஒகினாவாவில் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். அங்கே ஊறலைக் காக்க, சிட்ரிக் அமிலம் சுரக்கும் கறுப்புக் கோஜியைப் போட்டு, தாய்லாந்து அரிசியில் அவமோரி என்ற மதுவை வடிக்கிறார்கள். ஆனால் அது வடித்த சாராயம், சாக்கே ஆகாது.

சாக்கேக்காரர்கள் வடக்கே பார்க்கிறார்கள். கிபு மாநிலத்தில் இருந்த ஒரு பழைய ஆலை, வெப்பம் ஏறிவருவதையும் கணக்கில் எடுத்து, 2020-ல் ஹொக்கைதோவின் ஹிகாஷிகாவா என்ற சிற்றூருக்கே குடிபெயர்ந்தது. அந்த ஊரில் குழாய்நீர்த் திட்டமே கிடையாது. தைசெத்சு மலையின் பனி உருகி மண்ணில் இறங்கிய நீரை வீட்டுக்கு வீடு நிலத்தடியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் நெல் விளையாது என்று கைவிடப்பட்ட ஹொக்கைதோவிலிருந்து இன்று கின்பு, சுய்செய், கிதாஷிசுகு என்று சாக்கே நெல் ரகங்களே வருகின்றன. இடம் பெயர்ந்த அந்த ஆலையும் புதுத் தண்ணீருக்கும் புது அரிசிக்கும் தன் பக்குவத்தை மாற்றிக்கொண்டுதான் ஊறல் போட வேண்டியிருக்கிறது.