துளியின் விளிம்பில் நடப்பது என்ன?

[காட்சி: சுத்தமான கண்ணாடித் தகட்டின் மேல் சிலிகான் எண்ணெய்த் துளி ஒன்று விழுகிறது. கேமரா அதன் விளிம்பை நெருங்குகிறது.]

துளி முழுவதையும் விட்டுவிட்டு, அதன் விளிம்பை மட்டும் கவனியுங்கள். திண்மம், திரவம், காற்று ஆகிய மூன்றும் அங்கே ஒரே கோட்டில் சந்திக்கின்றன. துளி குவிந்து நிற்குமா, தட்டையாகப் பரவுமா என்பது அந்தக் கோட்டில்தான் முடிவாகிறது.

திரவத்தின் உள்ளே இருக்கும் மூலக்கூறை அண்டை மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலிருந்தும் இழுக்கின்றன; பரப்பில் இருப்பதற்கு அந்த அண்டை குறைவு. எனவே பரப்பைப் பெருக்க ஆற்றல் செலவாகிறது. இதன் அளவே பரப்பு இழுவிசை. 25 டிகிரி செல்சியஸில் இது நீருக்கு மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன், எத்தனாலுக்குச் சுமார் 22.

[காட்சி: விளிம்பில் மூன்று அம்புக்குறிகள்.]

இரண்டிரண்டாக இவை தொட்டுக்கொள்ளும் மூன்று இடைமுகங்களும் விளிம்புக் கோட்டைத் தத்தம் பக்கம் இழுக்கின்றன என்றும், அந்த இழுப்புகள் சமநிலை அடையும் கோணத்தில் துளி நிற்கிறது என்றும் 1805-இல் தாமஸ் யங் விளக்கினார். விளிம்பில் துளியின் பரப்பு தகட்டோடு உண்டாக்கும் அந்தக் கோணமே சேர்கோணம். டெஃப்லான் மேல் நீருக்கு அது ஏறத்தாழ 110 டிகிரி. நன்கு சுத்தம் செய்த கண்ணாடியில் சுழிக்கு மிக அருகில்.

எந்தக் கோணத்திலும் சமநிலை கிட்டாதபோது துளி முழுமையாகப் பரவுகிறது. ஆனால் எவ்வளவு மெதுவாக! துளி தட்டையாகும்போது விளிம்பின் கோணம் சுருங்குகிறது. உந்தும் விசை குறைவதோடு, ஆப்பு போல் மெலிந்த அந்த இடுக்கில் பாகுநிலையின் தடையும் கூடுகிறது. விளிம்பின் வேகம் கோணத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், கோணம் பாதியானால் வேகம் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. சிறு துளியின் ஆரம் காலத்தின் பத்தாம் படிமூலத்தைப் பின்தொடர்கிறது என்பதே டானர் விதி: 1 வினாடியில் எட்டிய ஆரம் இருமடங்காக 1024 வினாடிகள், அதாவது 17 நிமிடங்கள் ஆகும்.

[காட்சி: வேகப்படுத்தப்பட்ட பதிவு.]

இந்தத் துறையிலேயே என்னை மிகவும் ஈர்ப்பது இதன் அடியில் இருக்கும் ஒரு முரண்பாடு. திண்மத்தைத் தொடும் திரவ அடுக்கு நகராது என்பது பாய்ம இயக்கவியலின் வழக்கமான எடுகோள். அதை அப்படியே ஏற்றால், விளிம்பை நகர்த்த முடிவிலா விசை தேவை என்று 1971-இல் ஹுவும் ஸ்க்ரிவெனும் காட்டினர். ஆனாலும் நம் கண்ணெதிரே துளி பரவுகிறது. மூலக்கூறு அளவில் அந்த எடுகோள் பொருந்துவதில்லை: சில இடங்களில் திரவம் திண்மத்தின் மேல் வழுக்குகிறது, முழுமையாகப் பரவும் திரவங்களிலோ, நாம் காணும் விளிம்புக்கு முன்னால் நானோமீட்டர் கணக்கில் தடிமன் கொண்ட ஒரு முன்னோடிப் படலம் ஓடுகிறது. உந்துதலின் உபரி ஆற்றல் அந்தப் படலத்திலேயே உராய்வாகத் தீர்ந்துவிடுவதால், தகடு திரவத்தை எவ்வளவு வலுவாக ஈர்த்தாலும் நாம் காணும் துளியின் வேகம் கூடுவதில்லை.

[காட்சி: விளிம்புக்கு அப்பால், வெறுமையாகத் தெரியும் கண்ணாடி.]

இப்போது திரையில் உலர்ந்ததுபோல் தெரியும் இந்தக் கண்ணாடிப் பகுதியை எண்ணெய் ஏற்கெனவே நனைத்துவிட்டது.