பைக்காரங்க பேருக்குள்ள இருக்கிற என்ஜின்

[திரையில்: கறுப்புப் பின்னணி. நான்கு பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன: ஷவல்69, எல்ஸி350, ஏர்ஹெட்தாத்தா, ஹெச்டி83]

குரல்: நாலு பேரு. நாலும் இணையத்துல பைக் பிரியர்கள் வச்சுக்கிற மாதிரியான யூசர்நேம். விஷயம் தெரிஞ்சவர் இதைப் படிச்சா, அந்தந்த ஆளோட ஷெட்டுல எந்த வண்டி நிக்குது, அதுல எந்த உதிரி பாகம் சேரும், எது சேராதுன்னு வரைக்கும் சொல்லிடுவார். அது எப்படின்னு இந்த வீடியோவுல பார்ப்போம். கடைசியில, நீங்க ஒரு பேர் வைக்கப் போறீங்கன்னா எங்க தப்பு நடக்கும்னும் பார்ப்போம்.

[திரையில்: மூன்று ஹார்லி என்ஜின்களின் மேல் பகுதி, அருகருகே]

முதல் பேர்ல இருந்து ஆரம்பிக்கலாம். 1936-ல ஹார்லி டேவிட்சன் 61 கன அங்குல வி-ட்வின் என்ஜின் ஒண்ணு, அதாவது ரெண்டு சிலிண்டர் வி வடிவத்துல நிக்கிறது, கொண்டு வந்தாங்க. நம்ம கணக்குல கிட்டத்தட்ட 1000 சிசி. வால்வு ரெண்டும் சிலிண்டருக்குப் பக்கத்துல இல்லாம, சிலிண்டரை மேல மூடுற தலையில, அதாவது ஹெட்ல இருக்கும். அந்த வால்வை அமுக்குற ராக்கர் ஆர்மை மூடுற பெட்டியைப் பாருங்க. இறுக்கி மூடின கையில விரல் முட்டி புடைச்சு நிக்குமே, அதே மாதிரி இருக்கும். அதனால நக்கிள்ஹெட்.

1948-ல சிலிண்டர் தலையை அலுமினியத்துக்கு மாத்துனாங்க, சூடு சீக்கிரம் வெளிய போகணும்னு. மேல வந்த மூடி, கவுத்து வச்ச வாணலி மாதிரி இருந்துச்சு. பேன்ஹெட். 1966-ல வந்த தலை நிலக்கரி அள்ளுற ஷவல் மாதிரி. ஷவல்ஹெட். இந்த மூணுமே கம்பெனி வச்ச பேர் இல்ல. வண்டியைப் பக்கத்துல உட்கார்ந்து கழட்டுனவங்க வச்சது.

இப்ப ஷவல்69-ங்கிற பேருக்கு வாங்க. அந்த 69-ஐப் பார்த்து பொறந்த வருஷம்னு நினைச்சா விஷயம் போச்சு. 1966-லருந்து 1969 வரைக்கும் வந்த ஷவல்ஹெட்டுக்குத் தலை மட்டும்தான் புதுசு. கீழ்ப்பகுதி பழைய பேன்ஹெட் பாணி, கரண்ட்டுக்கு ஜெனரேட்டர். 1970-ல ஆல்டர்னேட்டர் வந்துடுச்சு, வலது பக்க டைமிங் மூடியோட வடிவமே மாறிடுச்சு. அப்ப ஷவல்69-க்கும் ஷவல்70-க்கும் ஒரு வருஷம்தான் வித்தியாசம், ஆனா சார்ஜிங் சமாசாரம் முழுசா வேற. இவருக்குப் போய் ஆல்டர்னேட்டரோட கம்பிச்சுருளான ஸ்டேட்டரை விக்க முடியாது. பேர்லயே அந்தத் தகவல் இருக்கு.

[திரையில்: பிஎம்டபிள்யூ பாக்ஸர் என்ஜின், முன்பக்கத் தோற்றம்]

ஏர்ஹெட் கதை கொஞ்சம் வேற. பிஎம்டபிள்யூவோட பாக்ஸர் என்ஜின், அதாவது ரெண்டு சிலிண்டரும் எதிரெதிரா படுத்திருக்கிறது, பல வருஷமா காத்துலயே குளிர்ந்துக்கிட்டு இருந்துச்சு. அப்ப அதுக்கு இந்தப் பேரே தேவைப்படல. 1993-ல ஆர்1100ஆர்எஸ் வந்து, சிலிண்டர் தலைக்குள்ள ஆயிலை ஓடவிட்டு குளிர வச்சாங்க. புதுசுக்கு ஆயில்ஹெட்னு பேர் வந்ததும், பழசைத் தனியாச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டியிருந்துச்சு. ஏர்ஹெட்னா ஆங்கிலத்துல மண்டையில ஒண்ணும் இல்லாதவன்னு அர்த்தம். அது தெரிஞ்சேதான் சந்தோஷமா வச்சுக்கிறாங்க. 2013-ல தண்ணியில குளிர்றது வந்தப்ப அது வெட்ஹெட் ஆச்சு.

இதே வண்டிக்கு ஜெர்மனியில இன்னொரு பேர் இருக்கு: கும்மிகூ, அதாவது ரப்பர் பசு. காரணம் ஷாஃப்ட் டிரைவ், அதாவது செயினுக்குப் பதிலா ஒரு தண்டு பின்சக்கரத்தைச் சுத்துறது. ஆக்சிலரேட்டரை முறுக்குறப்ப பின்சக்கரத்துப் பல்சக்கரத்துல தண்டு முனையில இருக்கிற சின்னப் பல்சக்கரம், பினியன், ஏறப் பார்க்கும், அந்த விசை பின்சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்மைக் கீழ தள்ளும், வண்டியோட பின்பக்கம் மேல எழும்பும். ஆக்சிலரேட்டரை விட்டா பொத்துனு இறங்கும். படுத்திருக்கிற மாடு பின்னங்காலைத் தூக்கி எழுந்திருக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இந்தப் பேர் புரியும். இதுல வளைவுக்கு நடுவுல பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டுனு விட்டா, வண்டி இறங்கி அடிப்பாகம் தரையில உரசும். 1987-ல பேராலீவர்னு ஒரு கூடுதல் தாங்குதண்டு வச்ச ஸ்விங் ஆர்ம் வந்து இதைப் பெருமளவு அடக்குச்சு. அப்புறமும் பேர் போகல.

[திரையில்: ஜிஎஸ்எக்ஸ்-ஆர் எழுத்துகள் மெல்ல இணைந்து ஜிக்ஸர் ஆகின்றன]

அடுத்த வகை, எழுத்தையும் நம்பரையும் வாயால சொல்லிப் பார்த்து வந்த பேர். ஜப்பான் கம்பெனிங்க மாடலுக்குக் குறியீடுதான் வைப்பாங்க. சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 1985-ல 750 சிசியா வந்துச்சு. நாலு எழுத்தை ஒவ்வொரு தடவையும் யார் சொல்லுவாங்க? சேர்த்து உச்சரிச்சு ஜிக்ஸர் ஆக்கிட்டாங்க. ஹோண்டா விஎஃப்ஆர், விஃபர் ஆச்சு. 1980-ல வந்த யமஹா ஆர்டி350எல்சி-யில எல்சின்னா லிக்விட் கூல்டு. பிரிட்டன்ல அந்த ரெண்டு எழுத்தை வேகமாச் சொல்லி எல்ஸின்னு ஒரு பொண்ணு பேராவே ஆக்கிட்டாங்க. நம்ம ஊர்லயும் எல்ஸி உண்டு, அதனால எல்ஸி350-ங்கிற யூசர்நேம் ஓட்டுறவங்க பேர்னு தோணும். அது வண்டி பேரு.

ஜிக்ஸர்ல ஒரு அழகான விஷயம் நடந்துச்சு. 2014-ல சுஸுகியே இந்தியாவுல 155 சிசி வண்டிக்கு ஜிக்ஸர்னு அதிகாரபூர்வமா பேர் வச்சு வித்தாங்க. ஓட்டுறவங்க வாய்ல வளர்ந்த பேர் டேங்க்ல ஸ்டிக்கரா ஏறிடுச்சு. ஆனா இப்ப குழப்பமும் அதுலதான். ஒரு யூசர்நேம்ல வெறும் ஜிக்ஸர்னு இருந்தா, அது 155-ஆ, பெரிய ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 1000-ஆ? இந்தியாவுல எழுதுறவர்னா பெரும்பாலும் முதல்ல சொன்னது.

சுஸுகியிலயே ஜிடி750 இன்னொரு உதாரணம். 1971-லருந்து வந்த மூணு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், தண்ணியில குளிர்றது. அந்தக் காலத்துல பைக்குல ரேடியேட்டர்ங்கிறதே புதுசு. பிரிட்டன்ல அதைக் கெட்டில்னு கூப்பிட்டாங்க, அமெரிக்காவுல நீர் எருமைன்னு. ஒரே வண்டி, கடலுக்கு இந்தப் பக்கம் பாத்திரம், அந்தப் பக்கம் மிருகம். யூசர்நேம்ல கெட்டில்னு இருந்தா ஆளு எந்த நாடுன்னுகூட ஊகிக்கலாம்.

[திரையில்: ராஜ்தூத் 350, பிறகு பழைய புல்லட்டின் ஹெட்லைட் கேசிங்கில் ஆம்பியர் மீட்டர்]

நம்ம பக்கம் வருவோம். ஹெச்டி83. எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல யமஹா ஆர்டி350-ஐ ராஜ்தூத் 350-னு இங்க கொண்டு வந்தாங்க. முதல்ல வந்தது ஹை டார்க், அதாவது முறுக்குவிசை அதிகம், சுருக்கமா ஹெச்டி, 30.5 குதிரைசக்தி. மைலேஜ் போதலன்னு அப்புறம் சக்தியைக் குறைச்சு 27-ல லோ டார்க், எல்டி, விட்டாங்க. அதனால பழைய ஆர்டி வச்சிருக்கிறவங்க ஹெச்டியா எல்டியான்னு முதல் கேள்வியாக் கேப்பாங்க. ஹெச்டி வச்சிருக்கிறவர் அந்த ரெண்டு எழுத்தைப் பேர்லயே போட்டுக்கிறதுல ஆச்சரியம் இல்ல.

புல்லட் 1955-லருந்து மெட்ராஸ்ல, திருவொற்றியூர்ல தயாரான வண்டி. தமிழ்நாட்டு ஊர்கள்ல புல்லட்காரர்னு ஒருத்தர் இருப்பார், அவரோட சொந்தப் பேர் பக்கத்துத் தெருவுக்குத் தெரியாது. ஹீரோ ஹோண்டா வச்சிருந்தவருக்கு அப்படிப் பேர் ஒட்டல. ஏன்னு கேட்டா, பழைய புல்லட்டை எல்லாரும் ஸ்டார்ட் பண்ணிட முடியாது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவா அமுக்கணும். கனமாத் தட்டுற இடத்துல சிலிண்டருக்குள்ள இருக்கிற அழுத்தத்தை வெளிய விடுற டிகம்ப்ரஸர் லீவரைப் பிடிச்சுக்கிட்டு, ஆம்பியர் மீட்டர் முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் கொஞ்சம் நகர்த்தணும். முள்ளு நடுவுக்கு வந்தா தீப்பொறிக்கான சுவிட்ச், காண்டாக்ட் பாயின்ட், திறந்திருக்கு, பிஸ்டன் உச்சியைத் தாண்டப் போகுதுன்னு அர்த்தம். லீவரை விட்டு, கிக்கரை மேல வரவிட்டு, ஒரே உதை. இதைச் செய்யாம சும்மா உதைச்சா கிக்கர் திரும்பி அடிக்கும், கணுக்கால் போயிடும். கியர் வேற வலது கால்ல, மேல தூக்கினா ஒண்ணு, கீழ மூணு. இரவல் வாங்கி ஓட்ட முடியாத வண்டி அது. ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தரோட மட்டும் அந்தப் பேர் ஒட்டிக்கிட்டதுக்கு இதுதான் காரணம்னு நாங்க உறுதியா நினைக்கிறோம்.

[திரையில்: 46, 69, 93 என்ற எண்கள்]

நம்பருக்கு வருவோம். யூசர்நேம்ல அதிகமா பார்க்கிற நம்பர் 46. மோட்டோஜிபி பைக் பந்தய உலக சாம்பியன் வாலென்டினோ ரோஸியோடது, ஆனா அவர் கண்டுபிடிச்சது இல்ல. அவரோட அப்பா கிராசியானோ 1979-ல 250 சிசி கிராண்ட் பிரி ஜெயிச்சப்ப வண்டியில இருந்த நம்பர். வாலென்டினோவோட பட்டப்பேரும் இரவல்ல ஆரம்பிச்சதுதான். 1994-ல சுஸுகா பந்தயத்துல நோரிஃபூமி அபேங்கிற 18 வயசு ஜப்பான் பையன் ஒரே ஒரு ரேஸுக்கு அனுமதி வாங்கி வந்து, முன்னணி வீரர்களோட முட்டி மோதி, முடியிற நேரத்துல விழுந்துட்டான். அதைப் பார்த்து மயங்கின ரோஸி தனக்கு ரோஸிஃபூமின்னு பேர் வச்சுக்கிட்டார். தி டாக்டர்ங்கிறது அதுக்கப்புறம் வந்தது. 2022-ல இத்தாலியோட முஜெல்லோ பந்தயத்துல 46-ஐ மோட்டோஜிபியிலருந்து ஓய்வு கொடுத்துட்டாங்க.

2006 மோட்டோஜிபி சாம்பியன் நிக்கி ஹேடனோட 69 குடும்ப நம்பர். அவர் அப்பா மண் தடத்துல ஓட்டினப்ப வச்சிருந்தது. தலைகீழா விழுந்து கிடந்தாலும் நம்பரைச் சரியா வாசிக்கலாம்னு அந்தக் குடும்பத்துல சொல்லுவாங்க. இன்னொரு மோட்டோஜிபி சாம்பியன் மார்க் மார்க்கேஸோட 93 வெறும் பொறந்த வருஷம். அதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

[திரையில்: சிபி ரேடியோ மைக், பிறகு பச்சை எழுத்து கணினித் திரை]

இந்தப் பேர்கள் இணையத்துக்கு வந்த பாதை அமெரிக்க நெடுஞ்சாலை. 1970-கள்ல லாரி ஓட்டுறவங்க சிபி ரேடியோவுல, அதாவது பொதுமக்கள் பக்கத்துல இருக்கிறவங்களோட பேசிக்கிற ரேடியோவுல, பேசுறப்ப அரசாங்கம் கொடுத்த அழைப்புக் குறியை விட்டுட்டு சொந்தமா ஒரு பேர் வச்சுப் பேசுனாங்க. அதுக்கு ஹேண்டில்னு பேர். ஹோண்டா கோல்டுவிங் மாதிரி தூரப் பயண வண்டிகள்ல சிபி ரேடியோ ஏறினப்ப அந்தப் பழக்கமும் கூடவே ஏறிடுச்சு. இன்னைக்கு யூட்யூப்ல நாம வைக்கிறதும் ஹேண்டில்தான்.

அப்புறம் கம்ப்யூட்டர். பழைய யுனிக்ஸ் கணினிகள்ல லாகின் பேருக்கு 8 எழுத்துதான் இடம். அதுக்குள்ள ஆளு பேரையும் வண்டியையும் அடக்க முடியாது. அதனால யூஸ்நெட்ங்கிற பழைய இணைய விவாதக் குழுக்கள்ல எழுதின பைக்காரங்க, வண்டியோட வருஷத்தையும் குறியீட்டையும் கடிதத்துக்குக் கீழ கையெழுத்து வரியில போட்டாங்க. அங்க டெனிசன்ஸ் ஆஃப் டூம்னு ஒரு கூட்டம் இருந்துச்சு. பட்டியல் காப்பாளர்னு ஒருத்தர் உறுப்பினருக்கு நம்பர் கொடுப்பார், அந்த நம்பரும் கையெழுத்து வரியில ஏறும். பேருக்குப் பின்னாடி நம்பர் ஒட்டுறது அப்பவே கௌரவமா இருந்துச்சு.

[திரையில்: பழைய பைக்கின் பெட்ரோல் காக், மூன்று நிலைகள்]

ஒரு முக்கியமான வித்தியாசம். யூசர்நேம் நாமே வைக்கிறது. மோட்டார்சைக்கிள் கிளப்புகள்ல ரோட் நேம்னு ஒண்ணு உண்டு, அதைக் கூட ஓட்டுறவங்க வைப்பாங்க, ஜாக்கெட் முன்பக்கம் தைச்சுடுவாங்க. கேட்டு வாங்க முடியாது. பெரும்பாலும் ஏதாவது சொதப்பினப்ப விழும். பெட்ரோல் காக்கை எடுத்துக்குங்க. ஆன், ரிசர்வ், ஆஃப். ஆன்ல ஓடி வண்டி திணறினா ரிசர்வுக்குத் திருப்பி பங்க் போகணும். டேங்க் நிரப்பினதும் திரும்ப ஆனுக்கு வைக்க மறந்துட்டா, அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாம கடைசிச் சொட்டு வரைக்கும் ஓடி நடுரோட்டுல நின்னுடும். 20 பேர் சேர்ந்து போறப்ப இது நடந்தா, சாயங்காலத்துக்குள்ள அவர் பேர் ரிசர்வ். மறுத்தா இன்னும் இறுகும்.

[திரையில்: கைபேசியில் யூசர்நேம் பெட்டி]

இப்ப நீங்க பேர் வைக்கிறீங்க. எக்ஸ்ல 15 எழுத்து, இன்ஸ்டாகிராம்ல 30 வரைக்கும், யூட்யூப்ல 3-லருந்து 30. எக்ஸ்லயும் இன்ஸ்டாகிராம்லயும் தமிழ் எழுத்து ஏத்துக்காது, ஆங்கில எழுத்துதான். அதனால ழ இருக்கிற பேர் வேண்டாம். வேழம்னு வச்சா ஒருத்தர் எல் போடுவார், ஒருத்தர் இசட்-ஹெச் போடுவார், வே-க்கு ஈ ஒண்ணா ரெண்டான்னு இன்னொரு தகராறு. உங்களைத் தேடுறவர் வேற யார்கிட்டயோ போய் நிப்பார். ஆங்கில ஓ-வும் பூஜ்யமும், சின்ன எல்லும் ஒண்ணும் பக்கத்துப் பக்கத்துல வரக் கூடாது.

டிஎன் 37, டிஎன் 58 மாதிரி மாவட்டக் குறியீடு போடலாம், கோயம்புத்தூர், மதுரைன்னு ஊர்க்காரங்க உடனே ஒட்டிக்குவாங்க. முழு நம்பர் பிளேட் மட்டும் போடாதீங்க. அதை வச்சு வண்டியோட பதிவு விவரத்தை யார் வேணா எடுக்கலாம். பொறந்த வருஷமும் வேண்டாம். வண்டி தயாரான வருஷத்தைப் போடுங்க.

மாடல் பேரை வைக்கிறதுல ஒரு சிக்கல், வண்டியை வித்துட்டா பேர் பொய்யாகிடும். விக்கவே மாட்டேன்னு இருக்கிற வண்டியோட பேரை வைங்க, இல்லன்னா வண்டி மாறினாலும் மாறாத ஒண்ணை வைங்க: ஊர், ஓட்டுற விதம், நண்பர்கள் வச்ச பேர். கம்பெனி பேரை அப்படியே சேர்த்து சேனல் ஆரம்பிச்சு டி-ஷர்ட் விக்க நினைச்சா வணிகக்குறி பிரச்சினை வரும்.

பதிவு பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. பெட்ரோல் பங்க்ல, ஹெல்மெட் போட்டபடியே, கண்ணாடியை மட்டும் தூக்கி, பக்கத்து வண்டிக்காரர்கிட்ட உங்க பேரை ஒரு தடவை சொல்லுங்க. அவர் போன்ல தட்டி முதல் தேடல்லயே நீங்க வந்தீங்கன்னா ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்துடலாம். எப்படி எழுதணும்னு அவர் திருப்பிக் கேட்டா, வேற பேர் பாருங்க.

[திரையில்: பெட்ரோல் பங்க். இரண்டு ஹெல்மெட்கள், நடுவில் ஒரு கைபேசி.]