ஆசிட் ஹவுஸ் பம்பாயில் பிறந்ததா?

[திரை: வெள்ளி நிறப் பெட்டி ஒன்று, அதன் மேல் வரிசையில் சிறு குமிழ்கள்]

வணக்கம். நீங்கள் பார்ப்பது ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குத் துணையாக பேஸ், அதாவது பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த சுர வரி, வாசிக்கட்டும் என்று ஜப்பானில் உருவாக்கி, 1981-இன் இறுதியில் கடைக்கு அனுப்பினார்கள். பேஸ் கிட்டாரைப் போல அது ஒலிக்கவே இல்லை என்பதால் 1984-இல் தயாரிப்பு நின்றுபோய், எஞ்சியவை பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. எலெக்ட்ரானிக் நடன இசை ரசிகர்களிடையே இன்றும் தீராத வழக்கு ஒன்று இந்தப் பெட்டியைச் சுற்றித்தான் நடக்கிறது. ஒரு இசை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதே அந்த வழக்கு.

[ஒலி: நெளிந்து நெளிந்து மேலேறும் பேஸ் வரி, சில நொடிகள்]

சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் அப்படியொரு பழைய 303-ஐ ஓட விட்டு, ஓசை வந்துகொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள். பேஸ் ஒலி கூவியது, குழைந்தது, கொப்பளித்தது. அதைப் பதிவு செய்த டேப்பை மியூசிக் பாக்ஸ் கிளப்பின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். குழுவில் ஒருவரான டிஜே பியர் சொல்லிவரும் கதையின்படி, அது முதல்முறை ஒலித்தபோது ஆடுகளம் காலியானது. ஹார்டி விடவில்லை. அதே இரவில் நான்காவது முறை போட்டபோது கூட்டம் வெறிகொண்டு ஆடியது. பெயரில்லாத அந்த டேப்பை ஆடியவர்கள் ‘ரான் ஹார்டியின் ஆசிட் ட்ராக்’ என்று குறிப்பிடத் தொடங்க, 1987-இல் அது ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்ற தலைப்பிலேயே இசைத்தட்டாக வெளிவந்தது. ஆக, ஹவுஸ் எனும் சிகாகோ நடன இசையின் கிளையான ஆசிட் ஹவுஸ் என்ற வகைக்குப் பெயர் வைத்தவர்களில் அங்கே ஆடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

இப்போது ஐந்து ஆண்டுகள் பின்னே செல்வோம். 1982-இல், இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் பம்பாயில் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். பைரவி, லலித், யமன் முதலான பத்து இந்துஸ்தானி ராகங்களை அவர் 303-இலும், அதே நிறுவனத்தின் தாள இயந்திரமான டிஆர்-808-இலும், ஜூபிட்டர்-8 சின்தசைசரிலும் வாசித்திருந்தார். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி 303-இல் உண்டு. அந்த வசதி, மீண்ட் எனப்படும் வழுக்கு கமகத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தட்டு விற்கவில்லை, மறந்தும் போனார்கள். பிற்பாடு டில்லியில் அதன் பிரதி ஒன்று ஒரு டச்சு சேகரிப்பாளரின் கையில் சிக்கி, 2010-இல் மறுவெளியீடு கண்டபோது, கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள். சிகாகோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஆசிட் ஹவுஸ்!

ஓசையை அளவுகோலாகக் கொண்டால் இந்த வாதத்தை மறுக்க முடியாது. அதே இயந்திரம், அதே நெளியும் பேஸ், இடைவிடாமல் நான்கு அடிக்கும் விழும் கிக் டிரம். ஆனால் வம்சாவளியை அளவுகோலாகக் கொண்டால் நிலைமை வேறு. சிகாகோக்காரர்கள் இந்தத் தட்டைக் கேட்டதில்லை. இதிலிருந்து எவரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இணையத்தில் நடக்கும் வகைச் சண்டைகளில் பெரும்பாலானவை, இரண்டு பேர் இரண்டு அளவுகோல்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பொருளை அளப்பதால் வருபவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேகத்தை எண்ணினால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். தீராது. நிமிடத்துக்கு 128 அடிகள் கொண்ட ஒரு பாட்டு ஹவுஸாகவும் இருக்கலாம், டெட்ராய்ட்டில் உருவான டெக்னோவாகவும் இருக்கலாம். டப்ஸ்டெப் என்ற நடன இசை வகை 140 அடிகளில் ஓடினாலும், ஸ்நேர் டிரம் நான்கு அடிகளில் மூன்றாவதில் மட்டும் விழுவதால் காதுக்கு 70 போலத் தோன்றும். கர்நாடக ராகங்களான ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றே என்றாலும் தேர்ந்த ரசிகர் ஒன்றை மற்றொன்றாகக் குழப்பிக்கொள்வதில்லையே!

[திரை: 1988, ஒரு இசைத்தட்டின் உறை]

வம்சாவளியும் அப்படியொன்றும் தூய்மையானதல்ல என்பதற்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் சாட்சி. அந்நகரக் கலைஞர்களான ஹவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோரின் இசையைத் தொகுத்து பிரிட்டனில் வெளியிட 1988-இல் ஏற்பாடு நடந்தபோது, அதற்கு முதலில் எண்ணிய தலைப்பு ‘டெட்ராய்ட்டின் ஹவுஸ் இசை’ என்ற பொருள்படவே இருந்தது. சிகாகோ ஹவுஸ் பிரிட்டனில் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. அட்கின்ஸ் கொடுத்த பாட்டின் பெயர் ‘டெக்னோ மியூசிக்’. அந்தச் சொல் தலைப்பில் ஏறிக்கொள்ள, அண்டை நகரத்தின் நிழலிலிருந்து டெட்ராய்ட் விலகி நின்றது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொகுப்பிலிருந்து பிரிட்டிஷ் பாடல் விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் புகுந்த சாண்டர்சனின் ‘பிக் ஃபன்’ பாட்டைப் பாடியவர் பாரிஸ் கிரே, சிகாகோக்காரர். இன்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர் அதை ஹவுஸ் என்றே சொல்வார்.

அதற்காக அந்தப் பெயரைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒட்டிய பிறகு பெயர் வேலை செய்யத் தொடங்குகிறது: டெக்னோ என்ற பலகையின் கீழ் வந்து சேர்ந்தவர்கள் அந்தப் பலகைக்கு ஏற்ற இசையைச் செய்தார்கள், குரலைக் குறைத்தார்கள், இயந்திரத்தன்மையைக் கூட்டினார்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இரண்டும் உண்மையிலேயே வேறு வேறாகிவிட்டன. இன்று டிஜேக்கள் பாட்டு வாங்கும் பீட்போர்ட் போன்ற இணையக் கடைகளில் ‘மெலடிக் ஹவுஸ் அண்ட் டெக்னோ’ என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள் என்பது தனிக் கதை. கடைக்காரருக்கு வேண்டியது வம்சாவளியல்ல, வாங்குபவரின் கை எங்கே போகும் என்பதே.

சரண்ஜித் சிங்கின் வழக்குக்குத் திரும்புவோம். என் தீர்ப்பு, அது ஆசிட் ஹவுஸ் அல்ல என்பதே. இதை அவருடைய மதிப்பைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து வேறொரு நகரத்தில் பிறந்த குழந்தையின் பெயரை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். முன்னோடி என்ற பட்டத்தைக் கொடுப்பவர்கள் 1982-ஆம் ஆண்டு உறையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

[திரை: உறையின் தலைப்பு மெல்லப் பெரிதாகிறது]

தான் செய்தது என்ன வகை என்பதை அவர் அதிலேயே அச்சிட்டிருக்கிறார்: டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்.